இருபத்திரண்டு, எண்ணிக்கை சரி

எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு மனிதர் சொன்னால் அவரை நம்பாதீர்கள். நான் நம்பவில்லை.

ரகாய் என்று அந்தப் புதுக் கம்ப்யூட்டர் வாத்தியாருக்குப் பெயர். கெய்ரோவிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு எங்கள் சின்ன ஊரான ஸிஃப்தாவுக்கு வந்திருந்தார். இங்கிருந்து கெய்ரோவுக்குப் போக மாற்றல் கேட்டுப் பத்து வருஷமாகக் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அங்கிருந்து இங்கே வருகிறவரை நான் பார்த்ததில்லை. வயது இருபத்தொன்பது, வழுவழுவென்று சவரம், தோளில் ஒரு பை. வந்த மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், கம்ப்யூட்டர் ரூம் பொறுப்பை வேணும்னா நான் வாங்கிக்கிறேன். எண்ணக்கூட வேண்டாம். எங்க கையெழுத்துன்னு மட்டும் காட்டுங்க."

நான் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் அரசாங்கத்திலிருந்து ஒரு நாற்காலி வந்தால்கூட அது யாரோ ஒருவர் பெயரில் பொறுப்பேட்டில் ஏறும். உடைந்தால் அவர் சம்பளத்தில் பிடிப்பார்கள், தொலைந்தால் சட்டப் பிரிவுக்கு அலையவிடுவார்கள். இயற்பியல் வாத்தியார் ஒருவர் ஒரு தராசுக்காக, ஓய்வு பெற்ற பிறகும் மூன்று வருஷம் அலைந்தார். பாம்பைக்கூடக் கையில் வாங்குவார்கள், பொறுப்பை வாங்கமாட்டார்கள். இந்த மனிதர் வலிய வந்து கேட்கிறார், அதுவும் எண்ணாமல். நாளைக்கு நாலு பெட்டி குறைகிறது, வாங்கும்போதே குறைந்திருந்தது என்று என் தலையில் கட்டத்தானே இந்தத் திட்டம்?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருபத்திரண்டு கணினிகள் லாரியில் வந்து இறங்கின. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அப்போது கம்ப்யூட்டர் டீச்சர் நான் ஒருத்திதான் என்பதால் இருபத்திரண்டும் என் பெயரில் ஏறின. அன்றைக்கே இரட்டைப் பூட்டு வாங்கிப் போட்டேன். கதவும் நிலையும் சேரும் இடத்தில் ஒரு காகிதப் பட்டையை ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறை திறந்து மூடிய பிறகும் புதுப் பட்டை ஒட்டுவேன். சாவி என் கழுத்தில் தொங்கியது. குளிக்கும்போதுதான் கழற்றுவேன், அப்போதும் கண் எட்டும் இடத்தில் வைப்பேன்.

பிறகு பாடம் எப்படி நடத்தினாய் என்று கேட்பீர்கள். கரும்பலகையில் நடத்தினேன். கீபோர்டை என்னைப்போல் இந்த மாவட்டத்தில் ஒருவரும் வரைய முடியாது. விரல்கள் இளைப்பாறும் நடு வரிசைக்குப் பச்சை சாக்பீஸ், கட்டைவிரலுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. பெண்கள் அதை நோட்டில் வரைந்துகொண்டு அதன்மேல் விரல் வைத்துப் பழகுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை, பரீட்சைக்கு முன்னால், அவர்களை வரிசையாக அறைக்குள் அழைத்துப்போய்க் காட்டுவேன். "தொடாதே, அரசாங்கச் சொத்து" என்பதுதான் அங்கே நான் அதிகம் சொன்ன வாக்கியம். இன்ஸ்பெக்டர் வந்தால் கடைசி வரிசையில், நூலகச் சுவரை ஒட்டிய மூலைக் கணினியைப் போட்டுக் காட்டுவேன். தொட்டதும் எழுந்துவிடும். பராமரிப்பு என்றால் இது என்று ஒருவர் பார்வையேட்டிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். வருஷக் கடைசியில் படிவம் வரும். கணினிகள் எத்தனை, இயங்குபவை எத்தனை. உறைகளை எண்ணி, இரண்டு இடத்திலும் இருபத்திரண்டு என்று எழுதி, கீழே 'எண்ணிக்கை சரி' என்று கையெழுத்திடுவேன். பதினோரு படிவம், பதினோரு கையெழுத்து.

அந்த அக்டோபரில் எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. என் மகள் லமீஸுக்கு அலெக்சாந்திரியாவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து ஆறு வாரமாகியிருந்தது. மருமகன் கப்பல் இன்ஜினியர், ஏழு மாதத்துக்குக் கடலில். லமீஸ் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும். நான் அவள் ஊருக்கு மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்தும்விட்டது. உத்தரவு என் கைப்பையில் இருந்தது. மாதத்தின் பதினைந்தாம் தேதிக்குள் பள்ளியிலிருந்து விடுவிப்புச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவு செல்லாது. பொறுப்பில் ஒரு குறையும் இல்லை என்றால்தான் விடுவிப்புச் சீட்டு. தினமும் காலையில் லமீஸ் போன் செய்து, "எப்பம்மா வருவே?" என்பாள். பின்னால் இரண்டு குரல்கள் ஒரே சுதியில் அழும்.

இந்த நேரத்தில்தான் கல்வி அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தது. முதலாமாண்டுப் பெண்களுக்குக் கம்ப்யூட்டர் பாடத்தில் எந்தப் பாடத்திட்டம், எந்தக் கருவி என்று ஒவ்வொரு பள்ளியும் தானே தேர்ந்தெடுத்துப் பதினான்காம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். மூன்று பேர் குழு. தலைமையாசிரியர் பஹ்கத், நான், ரகாய்.

தேர்வு இரண்டுக்குள்தான். ஒன்று, ஒரு கம்பெனியின் டேப்லெட். பாடமெல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். கணினி அறையைக் கலைத்துப் பெட்டிகளை எண்ணிச் சேமிப்புக் கிடங்குக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். இன்னொன்று, இருக்கிற கணினி அறையிலேயே புரோகிராமிங். நான் எதற்குக் கை தூக்குவேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கிடங்குக்காரர் எண்ணி வாங்குவார், இருபத்திரண்டு என்பார், என் சீட்டு கையில் வந்துவிடும். பஹ்கத்துக்கும் டேப்லெட்தான் ஆசை. வழங்கும் விழாவுக்குப் பெரிய அதிகாரி வருவார், போட்டோ எடுப்பார்கள். ரகாய் மட்டும் புரோகிராமிங் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

டேப்லெட் கம்பெனிக்காரர் ஒரு தட்டு நிறைய பஸ்பூஸா கொண்டுவந்தார். நெய் வடியும் இனிப்போடு வருகிற மனிதரையும் நான் நம்புவதில்லை. ஆனால் அன்று தின்றேன். அவர் திரையில் ஒரு கேள்வியைக் காட்டினார். நாலு படம், இதில் மவுஸ் எது? பஹ்கத் தொட்டார், டேப்லெட் கைதட்டியது. பஹ்கத் முகம் மலர்ந்துபோய் மூன்றாவது துண்டை எடுத்தார்.

"தப்பாத் தொட்டா?" என்று ரகாய் கேட்டார்.

"அப்பவும் கைதட்டும் சார், கொஞ்சம் மெதுவா. பிள்ளைங்க மனசு உடையக் கூடாதில்ல."

"இதுல பிள்ளைங்க சொந்தமா ஏதாவது செய்ய முடியுமா?"

கம்பெனிக்காரர் யோசித்தார். "பேரை மாத்திக்கலாம். பின்னாடி கலரும் மாத்தலாம்."

ரகாய் பஹ்கத்தின் பக்கம் திரும்பி, "சார், ரெண்டு நாள் டைம் குடுங்க" என்றார். பஹ்கத் வாய் நிறைய இனிப்பு இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினார்.

எதற்கு இரண்டு நாள்? எனக்கு மூக்கு வியர்த்தது. கம்ப்யூட்டர் மார்க் எங்கள் பிள்ளைகளின் கூட்டுத்தொகையில் சேராது. அதனால்தான் கணக்கு வாத்தியார் என் பீரியடை வாரத்துக்கு ஒரு முறை கடன் வாங்குவார், திருப்பித் தந்ததே இல்லை. ஆனால் புரோகிராமிங் மார்க்கை அடுத்த வருஷத்திலிருந்து சேர்க்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஊரில் உலாவியது. சேர்த்தால் என்ன ஆகும்? பிள்ளைகள் டியூஷனுக்கு ஓடுவார்கள். டியூஷன் யார் எடுப்பார்? கெய்ரோவிலிருந்து எதற்கு வந்திருக்கிறார் என்று அப்போது விளங்கியதுபோல் இருந்தது.

மறுநாள் ரகாய் என்னைக் கணக்கு வகுப்பு ஒன்றுக்கு வெளியே நிறுத்தினார். "பேசாம பின் பெஞ்சைப் பாருங்க டீச்சர்."

அங்கே ஆறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு வாத்தியார் பலகையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். சுந்துஸ் என்கிற பெண்ணின் விரல்கள் மேசைமேல் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன. கண் பலகையில், விரல் மேசையில். பக்கத்துப் பெண் அவள் விரல்களைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தாள். அவள் மேசையில் அடித்ததை இவள் படித்துவிட்டாள்.

"இது நோட்டுல வரைஞ்சு பழகின வேகம் இல்ல டீச்சர். இவங்க நிஜ கீபோர்டுல அடிக்கிறாங்க. யார் சொல்லிக்குடுத்தது?"

"அதை நான்தான் உங்ககிட்டக் கேக்கணும்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அல்லது புரியாததுபோல் நடித்தார். அன்று மாலை கடைத்தெருவில் டியூஷன் சென்டர்களின் சுவரொட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வேதியியலின் சுல்தான், இயற்பியலின் சக்கரவர்த்தி, ஆங்கிலத்தின் சிங்கம் என்று எல்லாரும் கோட்டுப் போட்டுக் கை கட்டிச் சிரித்தார்கள். ரகாய் எங்கேயும் இல்லை. அடுத்த நாளும் ஆற்றங்கரைப் பக்கம் போய்த் தேடினேன். அங்கேயும் இல்லை. வேறு பெயரில் நடத்துகிறார் என்று முடிவு செய்தேன்.

சுந்துஸை இடைவேளையில் பிடித்தேன். அவள் கையில் பாதி தின்ற அவரைக்காய் சாண்ட்விச்.

"யார்கிட்ட டியூஷன் போறே?"

"யார்கிட்டயும் இல்ல அப்லா." டீச்சரை எங்கள் பெண்கள் அப்லா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"பின்னே விரல் எப்படி இந்த ஓட்டம் ஓடுது?"

"நீங்க போர்டுல வரைஞ்சதைப் பார்த்துதான் அப்லா" என்றாள். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்கிறவள் தலை குனிவாள், உண்மையில் பாதியைச் சொல்கிறவளும் குனிவாள். எனக்கு அன்று முதல் வகைதான் தெரிந்திருந்தது.

பன்னிரண்டாம் தேதி குழு மறுபடி கூடியது. படிவத்தை பஹ்கத் நிரப்ப ஆரம்பித்தார்.

"கணினிகள், இருபத்திரண்டு. இயங்குபவை, இருபத்திரண்டு. சரிதானே உம்மு லமீஸ்?" லமீஸின் அம்மா என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார்.

"எண்ணிக்கை சரி" என்றேன், வழக்கம்போல.

ரகாய் என் பக்கம் திரும்பினார். குரலில் குத்தல் எதுவும் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "கடைசியா எல்லாத்தையும் போட்டுப் பார்த்தது எப்போ டீச்சர்?"

நினைத்துப் பார்த்தேன். மூலைக் கணினியைப் போட்டிருக்கிறேன். மற்றவற்றை? வந்து இறங்கிய வாரத்தில் கம்பெனி ஆள் போட்டுக் காட்டியதைப் பார்த்தேன்.

"பார்த்துடுவோமே" என்று எழுந்தேன். சந்தேகப்படுவது என் வேலை. என்னைச் சந்தேகப்பட அவர் யார்?

மூவரும் போனோம். காகிதப் பட்டை அப்படியே இருந்தது, என் கையெழுத்து நடுவில் ஒரு முடி அளவுகூடக் கிழியவில்லை. இரண்டு பூட்டையும் திறந்தேன். முதல் வரிசையின் உறைகளை எடுத்து மடித்து வைத்தேன். ரகாய் ஒவ்வொரு பொத்தானாக அழுத்திக்கொண்டு வந்தார். முதல் பெட்டி எழவில்லை. இரண்டாவதில் ஒரு சொடக்குச் சத்தம், பிறகு அமைதி. மூன்றாவதிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. நான்காவதின் பின்பக்கம் எலி ஒயரைத் தின்று கூடு கட்டியிருந்தது. அந்தக் கூட்டுக்கு என் பரீட்சைத் தாள்களைக் கிழித்து உபயோகித்திருந்தது. ஐந்து, ஆறு, ஏழு. பஹ்கத் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார். பதினாறு வரை ஒன்றும் எழவில்லை. நான் பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

கடைசி வரிசை ஆறும் எழுந்தன, அழுத்திய அந்த நொடியே.

ரகாய் குனிந்து பார்த்தார். "மணி சரியா இருக்கு, தேதியும் சரியா இருக்கு. இங்க தூசியே இல்லையே டீச்சர்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேறு யாரோ உள்ளே வந்து போகிறார்கள். பட்டை கிழியவில்லை, பூட்டு உடையவில்லை, ஆனால் வருகிறார்கள். ரகாயைத்தான் முதலில் பார்த்தேன். அவரோ திரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஒரு புரோகிராமைத் திறந்திருந்தார். திரை முழுக்க ஒரு கீபோர்டு. நடு வரிசை பச்சை, கட்டைவிரலுக்குச் சிவப்புப் புள்ளி. மேலே ஒரு எழுத்து வரும், அதை அடிக்க வேண்டும். அவர் வேண்டுமென்றே தப்பாக ஒன்றை அழுத்தினார். திரையில் வந்தது: தொடாதே, அரசாங்கச் சொத்து.

பஹ்கத் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் 'கணினியின் உறுப்புகள்' என்று ஒரு பெரிய படம் பதினோரு வருஷமாகத் தொங்குகிறது. நான் மாட்டியதுதான். அதன் கீழ் ஓரம் கசங்கிக் கிடந்தது. தூக்கிப் பார்த்தேன். அங்கே, நான் படம் மாட்டி மறைத்து மறந்தே போயிருந்த ஒரு கதவு இருந்தது. அடுத்த பக்கம் நூலகம்.

நூலகர் விதாத் என் இருபது வருஷத் தோழி. என் கணவர் இறந்தபோது நாற்பது நாள் என் வீட்டில் சமைத்தவள். தினமும் பதினோரு மணிக்கு நானும் அவளும் புதினா போட்ட தேநீர் குடிப்போம். நான் சந்தேகப்பட்டவர்களின் பட்டியலில் இந்த ஊரில் எல்லாரும் உண்டு, அவளைத் தவிர. நான் போய் நின்றபோது பூசணி விதை உரித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"திறந்துட்டியா?" என்றாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷம். ஒரு செட் போனா அடுத்த செட்டுக்குச் சொல்லிக்குடுத்துட்டுப் போகும். நூலக பீரியட்ல மட்டும்தான். ஒரு தடவைக்கு ஆறு பேர், கையைக் கழுவிட்டுத்தான் போகணும், தின்பண்டம் கூடாது. உன்னைவிடக் கண்டிப்பா வெச்சிருந்தேன்டி."

"சாவி ஏது?"

"என் பொறுப்புல இருக்கு. நாற்பத்தொன்னாவது பொருள், கதவுச் சாவி ஒன்னு. வருஷா வருஷம் எண்ணிக் காட்டுறேன், எண்ணிக்கை சரி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

எனக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. ஆறு வருஷம் அவள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். மூலைக் கணினி தொட்டதும் எழுகிறது என்று அவளிடமே பெருமை அடித்திருக்கிறேன். அவளும் "உன் கைராசிடி" என்று சொல்லியிருக்கிறாள்.

ஆசிரியர் அறைக்குத் திரும்பியபோது பஹ்கத் வழி கண்டுபிடித்துவைத்திருந்தார்.

"இதுல குழப்பிக்க ஒன்னுமில்ல உம்மு லமீஸ். டேப்லெட்டுன்னு எழுதுவோம். உறையைப் போடுங்க, கிடங்குக்கு அனுப்புவோம். அங்க எவனும் ஸ்விட்ச் போட்டுப் பார்க்கமாட்டான், இருபத்திரண்டுன்னு எண்ணிட்டு வாங்கிப்பான். நாளன்னிக்கு நீங்க பேரப்பிள்ளைங்க முகத்தைப் பார்க்கலாம்."

"செத்துப்போச்சுன்னு எழுதினா?"

"ஆபீஸ்லேர்ந்து குழு வரும். குழு எப்போ வந்து எப்போ முடியும்னு உங்களுக்கே தெரியும். கதவைப் பத்தியும் கேப்பாங்க. விதாத் டீச்சருக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு."

அவர் போனதும் ரகாய் மெல்லச் சொன்னார். "இன்னொரு வழியும் இருக்கு டீச்சர். முதல்ல சொன்னேனே, அதேதான். பொறுப்பை எனக்கு மாத்துங்க. இருபத்திரண்டு வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போடுறேன். ஏட்டுல எண்ணிக்கைக்குத்தான் கட்டம் இருக்கு, உயிரோட இருக்கான்னு கேக்கக் கட்டம் இல்ல. பிள்ளைங்களுக்கு இந்த ஆறு போதும். நான் ஒட்டுப் போட்டு ஒன்பது ஆக்குவேன்."

"உங்களுக்கு இதுல என்ன லாபம்? உண்மையைச் சொல்லுங்க. கெய்ரோவை விட்டுட்டு இங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் விழித்தார். "மாமியார் வீட்டு மாடி காலியா இருக்கு டீச்சர். வாடகை இல்ல."

இரண்டு வாரமாக நான் துருவித் துருவித் தேடிய ரகசியம் ஒரு காலி மாடி. சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. இந்த மனிதர் நிஜமாகவே எண்ணாமல் கையெழுத்துப் போடுவார். பதினாறு பிணங்களைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு எந்த மாற்றலும் வாங்க முடியாமல் இதே ஊரில் தலை நரைப்பார். நான் அலெக்சாந்திரியாவில் பேரன்களைத் தூக்கிக்கொண்டு கடல் பார்ப்பேன்.

இரவு முழுக்க யோசித்தேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். அங்கேயே, அந்த மேசையிலேயே புதுப் படிவம் ஒன்றை இழுத்துக்கொண்டேன். பேனாவைத் திறக்க மட்டும் நேரம் பிடித்தது.

கணினிகள் இருபத்திரண்டு என்று எழுதினேன். இயங்குபவை ஆறு. இயங்காதவை பதினாறு. காரணம் என்ற கட்டத்தில், பயன்படுத்தாமல் பூட்டி வைத்தது என்று எழுதினேன். பூட்டியவர் என்று என் பெயரையே எழுதினேன்: இன்ஷிராஹ், பொறுப்பாளர். ஆறு கணினிகளை மாணவிகள் பயன்படுத்தியது யார் அனுமதியில் என்று கேட்பார்கள் அல்லவா? என் அனுமதியில், என் மேற்பார்வையில் என்று எழுதினேன். என் கையால் எழுதிய முதல் பொய் என்று நினைத்தேன். பிறகு எண்ணிப் பார்த்தேன், அது பன்னிரண்டாவது. கடைசியில், தேர்ந்தெடுத்த பாடம் என்ற இடத்தில் புரோகிராமிங் என்று எழுதி ரகாயிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிய வேகத்தில் கையெழுத்துப் போடப்போனார்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க" என்று அதட்டினேன். "இந்தப் பள்ளிக்கூடத்துல இனிமே யாரும் பார்க்காம கையெழுத்துப் போடக் கூடாது."

அவர் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தார். படித்து முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். இரண்டு கையெழுத்து விழுந்த பிறகு பஹ்கத் தனியாக என்ன செய்வார்? போட்டோ போன துக்கத்தோடு அவரும் போட்டார்.

பதினைந்தாம் தேதி காலையில் லமீஸ் போன் செய்தாள். நான் சொன்னேன். குழு வரும்வரை விடுவிப்பு இல்லை, உத்தரவு காலாவதி, அடுத்த வருஷம் மறுபடி கேட்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். பின்னால் குழந்தைகள் அழுதார்கள்.

"இருபத்திரண்டு பெட்டியை எனக்காக ஒரு நாள் மூடி வெச்சிருக்க முடியலையாம்மா உனக்கு?" என்றாள்.

"பதினோரு வருஷம் மூடித்தான் வெச்சிருந்தேன்."

அவள் வைத்துவிட்டாள். மறுநாள் அவள் கூப்பிடவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. வியாழன் மாலை மைக்ரோபஸ் பிடித்து, வெள்ளி, சனி இரண்டு நாள் வார விடுமுறைக்கு மட்டும் போய் அவள் வாசலில் நின்றேன். ஒரு குழந்தையை என் கையில் திணித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். வாரா வாரம் அப்படித்தான் போகிறேன். இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாடம். காகிதப் பட்டையை நானே கிழித்தேன். ஆறு பெண்களும் பழக்கத்தில் நூலகப் பக்கம் திரும்பினார்கள்.

"முன் வாசல் வழியா வாங்க" என்றேன்.

ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். கடைசி வரிசை உறைகளை எடுத்துவிட்டு, சுந்துஸ் பக்கத்தில் உட்கார்ந்து, என் பச்சை வரிசையில் விரல்களை வைத்தேன். பதினோரு வருஷம் நான் வரைந்த கீபோர்டு. முதல் எழுத்தே தப்பு. தொடாதே, அரசாங்கச் சொத்து என்றது திரை. ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மறுபடி அடித்தேன், மறுபடி தப்பு. சுந்துஸ் என் மோதிர விரலைப் பிடித்து ஒரு கட்டம் தள்ளி வைத்தாள்.

மணி அடித்தது. அவர்களை வாசலில் நிறுத்திவிட்டு உறைகளை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன், ஐந்துதான். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆறு பையையும் பார்த்தேன், யார் பை புடைத்திருக்கிறது என்று. மூன்றாவது பெண் கண்ணைத் தாழ்த்தினாள். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பையைத் திற என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அப்லா" என்றாள் சுந்துஸ், ரொம்ப மெதுவாக. "உங்க கக்கத்துல இருக்கு."

குனிந்து பார்த்தேன். ஆறாவது உறை, நாலாக மடித்து, என் இடது கைக்குள் இறுக்கமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அந்த உறையை நான் திரும்பப் போர்த்தவில்லை.